விடுபட்ட ஒற்று

லாட்டரியில் ஒரு கோடி விழுந்ததாக வந்த மின்னஞ்சலைப் படித்ததும் அச்சகத்துப் பிழைதிருத்துநருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பாரு, ‘பரிசு தொகை’யாம். நடுவுல ‘த்’ எங்க போச்சு? ஒற்று போடத் தெரியாதவன் ஊரை ஏமாத்தக் கிளம்பிட்டான்,” என்றார் மனைவியிடம். “பிழை இருந்தாலே மோசடின்னு வெச்சுக்கோ.”

அதோடு விட்டாரா? பதினேழு பிழைகளையும் திருத்தி, அனுப்பியவனுக்கே திருப்பி அனுப்பினார்.

மறுவாரம் வேலை முடிந்து வந்தவரை மனைவி வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள்.

“நிஜமாவே பரிசு விழுந்திருக்குங்க. வரி கட்டினாத்தான் கைக்கு வருமாம். சேமிப்பு மொத்தத்தையும் அனுப்பிட்டேன்.”

“அடிப்பாவி, யாரைக் கேட்டு அனுப்பின?”

“நீங்க சொன்னபடிதான். நாலு தடவை படிச்சேன், ஒரு பிழைகூட இல்ல.”

கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தார். ‘பரிசுத் தொகை’ என்றிருந்தது. அவர் போட்ட ‘த்’, போட்ட இடத்திலேயே இருந்தது.