தோளுக்கு ஓர் ஊக்கு

மருந்துக்கடைப் பெண் நீட்டியது வலித் தைலம்.

லைன்மேன் வேண்டாம் என்று தலையாட்டினார். தன் இடது தோளில் இரண்டு விரல்களை வைத்து மறுபடியும் அழுத்திக் காட்டினார். பாவம் மனுஷனுக்கு ரொம்ப வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, அவள் இன்னும் பெரிய குப்பியாக எடுத்து வந்தாள்.

அவர் கேட்டது ஊக்கு. புடவைத் தலைப்பைத் தோளில் நிறுத்துகிற சின்ன ஊக்கு.

மின்வாரிய வேலை முடிந்து, மகன் வீட்டோடு இருக்கலாம் என்று மனைவியும் அவருமாக இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ரொட்டி, பால், பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் இந்த ஊர் பாஷையில் கேட்கத் தெரியும். ஊக்கு மட்டும் தெரியாது. ஊக்கை எல்லாம் யாராவது கடைக்குப் போய் வாங்குவார்களா? அது பாட்டுக்கு மனைவியின் சங்கிலியில் கொத்தாகத் தொங்கும். பையின் வார் அறுந்தாலும் அவருடைய சட்டைப் பித்தான் தெறித்தாலும் அதிலிருந்து ஒன்று கழன்று வரும்.

இன்று பார்த்து ஒன்றுகூட இல்லை. சங்கிலியைக் கழற்றியபோது யார் எங்கே போட்டார்களோ.

மருமகள் அலமாரியைக் குடைந்து எடுத்த ஒன்றும் துருப்பிடித்திருந்தது. மயில்கழுத்து நிறப் பட்டில் துரு ஏறினால் அவ்வளவுதான், கறை போகவே போகாது. மகன் கல்யாணத்துக்கு எடுத்த புடவை அது. மகனோ காலையிலிருந்து ஒவ்வொரு அலுவலகமாக அலைந்துகொண்டிருந்தான். மிச்சம் இருந்தது இவர்தான்.

“மாமா, பின் இல்லாம முந்தானை நிக்கவே மாட்டேங்குது. மூணு மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க.” மருமகள் போனில் சொன்னாள்.

முந்தானை சரிந்தால் மனைவிக்குப் பிடிக்காது. நாலு பேர் பார்க்கும் இடத்தில் அலங்கோலமாக நிற்பதற்குப் பேசாமல் வராமலே இருந்துவிடலாம் என்பாள். இன்றைக்கு அப்படி வராமல் இருக்க முடியாது.

அடுத்தது பேனா, நோட்டு விற்கிற கடை. அங்கே காகிதம் வாங்கிப் படம் வரைந்தே காட்டினார். கம்பி முறுக்கிப் பழகிய கைக்குப் பேனா பிடிபடவில்லை. கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மீன்தூண்டில் விற்கும் கடைக்கு வழி சொன்னார்.

வேறு நாளாக இருந்தால் வீட்டுக்குப் போய் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

மழையில் கம்பத்தின் உச்சியில் நின்று கம்பி இழுத்துக் கட்டிய ஆள்தான். ஆனால் ஊக்கு என்றால் கை உதறும். எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் கடைசி நேரத்தில் அவள் கண்ணாடி முன்னால் நின்று தோளைக் காட்டுவாள். இவர் பல்லால் ஊக்கைத் திறப்பார், மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்துவார். அது தவறாமல் தோளில் இறங்கும்.

“ஸ்ஸ்… ஆளையே கொன்னுடுவீங்க போலிருக்கே.”

“நீ ஆடாம நின்னா ஏன் குத்துது?”

அவள் ஆடியிருக்கவே மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் கல்யாணமான புதிதிலிருந்து பழியை அவள் தலையில்தான் போட்டுவந்தார், அவளும் வாங்கிக்கொண்டாள்.

தெருமுனையில் ஒரு சலவைக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு கோட்டின் கழுத்திலும் ஓர் எண் சீட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓர் ஊக்கு.

லைன்மேன் உள்ளே போய், யாருடைய கோட்டோ, அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

சலவைக்காரர் முறைத்தபடி எழுந்து வந்தார். கிட்டே வந்து இவர் முகத்தைப் பார்த்தார். மழிக்காத தாடியையும், அந்தக் குளிரில் வெறும் செருப்போடு வந்திருந்த கால்களையும் பார்த்தார். மேஜைக்குப் போய் ஒரு தகர டப்பாவை எடுத்துவந்து திறந்து நீட்டினார்.

டப்பா நிறைய ஊக்கு. தோளுக்கு ஒன்று, கொசுவத்துக்கு ஒன்று என்று எடுத்தார். கொஞ்சம் யோசித்து, சங்கிலியில் கோக்க இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

தெருவில் இறங்கியபோது சந்தோஷமாகவே இருந்தது. கிடைத்துவிட்டது என்று முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நாலு எட்டு வைத்ததும் அந்த நினைப்பு அவரை அப்படியே நிறுத்திவிட்டது.

மூன்று மணிக்கு எல்லாரும் வரவிருந்த கட்டடத்தின் பின்னறை சில்லென்று இருந்தது. மருமகள் முந்தானை மடிப்பைக் கையால் பிடித்தபடியே நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. பெட்டியின் மூடி சுவரில் சாய்ந்திருந்தது.

“நீங்களே போட்டுடுங்க மாமா,” என்று ஒதுங்கிக்கொண்டாள்.

பெட்டிக்குள் குனிந்தார். மடிப்பைச் சேர்த்துப் பிடித்தார். பல்லால் ஊக்கைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினார்.

முனை பட்டைத் தாண்டித் தோளில் இறங்கிவிட்டது.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு காத்திருந்தார். ஆடாம நில்லு என்று, பழக்கத்தில், வாய்வரை வந்துவிட்டது.

அவள் ஆடவே இல்லை.