வாபஸ் வாங்கிய மனு

1988-இல் இலங்கையில் நடந்த சண்டையில் பட்டாளத்தில் இருந்த என் மகன் சீனிராஜ் இறந்தான். யாரிடமும் கை நீட்டாத குடும்பம் எங்களுடையது. ஆனாலும் அவன் மகளுக்கு அரசாங்க நிவாரணம் கேட்டு, எம்.ரெட்டியபட்டியிலிருந்து இரண்டு வருடம் பஸ் ஏறினேன்.

இன்று அலுவலகத்தில் எழுத்தர் கோப்பைக் கட்டிவிட்டார்.

"மனுவைக் காலையில வாபஸ் வாங்கிட்டாகளே, ஐயா."

"எவன்யா வாங்குனது?"

"பட்டாளத்து உடுப்புல வந்தாக. 'எங்க வீட்டுல யாரும் கை நீட்ட மாட்டோம்'னாக."

நான் சீனிராஜுக்குச் சொல்லி வளர்த்த வார்த்தை அது. எழுத்தர் காட்டிய வாபஸ் காகிதத்தில் அவன் கையெழுத்து, இன்றைய தேதியோடு இருந்தது.

"அறிவுகெட்ட பய! இங்க அவன் பெத்த பிள்ளை கஞ்சிக்கு நிக்குது!"

மேசையில் அறைந்துவிட்டுப் புது மனு எழுதத் தொடங்கினேன்.

"அவுக இன்னும் வாசல்லதான் நிக்காக, ஐயா."

எழுதி முடிக்கும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.