திரை இருண்டபின்

கணினி ஓடுகிறது, உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்கிறது. திரை மட்டும் பாதி வேலையில் கரியாக இருண்டுவிட்டது. புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாலைக்குள் அச்சகத்துக்குப் போகவேண்டிய நூல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. "திரையும் கணினியும் ஒண்ணா இருக்கறது வேணாம், தனிப் பெட்டியா வர்ற டவர் வாங்குன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். திரையை மட்டும் மாத்தியிருக்கலாம்" என்கிறான் தம்பி. "இந்த மேசையில டவரை எங்கடா வைக்கறது, உன் தலையிலயா?" என்னும்போதே அவள் குரல் உடைகிறது. சன்னல் வெயில் சாய்வாகத் திரையில் விழ, தூசிக்கு அடியில் மங்கலாக எழுத்துகள் தெரிகின்றன. கைபேசி விளக்கை அருகே பிடிக்கிறாள். அவள் விட்ட அதே பக்கம். படம் அழியவில்லை, அதற்குப் பின்னால் எரியும் விளக்குதான் அணைந்திருக்கிறது. தம்பி சுவரில் இருக்கும் டிவியின் HDMI கேபிளை இழுத்துக் கணினியின் முதுகில் செருகுகிறான். பக்கங்கள் டிவியில் தெரிகின்றன.