வெள்ளிக்கிழமைப் பொட்டு

அவளுக்கு எதிரே மிஷின் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவள் மடியில் பிள்ளை. பிறந்து நாற்பத்து நான்கு நாள்.

அவளுக்கு எச்.ஐ.வி. அது பிள்ளைக்கும் போயிற்றா இல்லையா, தெரிய வேண்டும். குதிகாலில் குத்தி ரத்தத்தைச் சின்ன டப்பாவில் பிடித்து, டப்பாவை உள்ளே தள்ளினால் ஒரு மணி நேரத்தில் மிஷினே சொல்லிவிடும். அரசு ஆஸ்பத்திரிச் சுவரில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தது.

மிஷின் வந்து ஐந்து மாதம். இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

மிஷின் மேல் குற்றமில்லை.

வந்த வாரமே ஆயுத பூஜை. ஸ்டெதஸ்கோப், எடைத் தராசு, ஜீப், கழிவறைத் தாழ்ப்பாள் என்று எதையும் விடாமல் பொட்டு வைத்தார்கள். புதிதாக வந்தவருக்கு விசேஷ மரியாதை. மிஷினின் முகத்தில் மிளகளவு ஒரு கண்ணாடிக் கண் உண்டு. டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் கோடுகளை அதுதான் படிக்க வேண்டும். நெற்றி எங்கே என்று தேடிய லேப் டெக்னீஷியன் சங்கரபாண்டிக்கு அந்த இடம் வாகாக இருந்தது. சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார்.

மறுநாள் மிஷின் டப்பாவைத் துப்பியது.

டாக்டர் வந்தார். படித்தவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

பூஜை போதாது என்றார்.

அன்று முதல் வெள்ளிக்கு வெள்ளி பூஜை. பொட்டின் மேல் பொட்டு. மிஷின் துப்பத் துப்ப எலுமிச்சம்பழம், மாலை, கடைசியில் மேலே ஒரு திருஷ்டிப் பூசணிக்காய்.

மூன்றாம் மாதம் வெளிநோயாளிகள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். பிள்ளையில்லாத ஒருத்தி அதன் பின்பக்கத்து ஒயரில் தொட்டில் கட்டினாள். அடுத்த மாதமே முழுகாமல் இருந்தாளாம். மிஷின் செய்ததாகச் சொல்லிக்கொள்ள அந்த ஒரு வேலைதான் உண்டு.

கம்பெனிக்காரன் பெங்களூரிலிருந்து போனில் கேட்டான், துடைத்துப் பார்த்தீர்களா என்று.

தினமும் துடைக்கிறோம் என்றார்கள். பொய்யில்லை. பொட்டைத் தவிர மற்ற இடமெல்லாம் முகம் பார்க்கலாம்.

ரத்தமெல்லாம் பழையபடி அட்டையில் காய்ந்து, தபாலில் சென்னைக்குப் போயிற்று.

அவளுடைய மூத்த பிள்ளையின் ரத்தமும் அப்படிப் போனதுதான். மூன்று வருடத்துக்கு முன்பு. ஐம்பத்தெட்டாம் நாள் பதில் வந்தது. ‘மருந்து உடனே தொடங்கவும்.’

‘உடனே’வுக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள்.

பிள்ளையைப் புதைத்து அன்றைக்கு எட்டு நாள்.

இன்று வெள்ளி. மிஷினின் பொட்டில் ஈரம் காயவில்லை.

சங்கரபாண்டி பிள்ளையின் குதிகாலில் குத்தினார். பிள்ளை வீறிட்டது. டப்பா உள்ளே போயிற்று.

வெளியே வந்தது.

“பாத்தியாத்தா, இதுக்கு எங்க மேல என்னமோ கோவம். சென்னைக்கே அனுப்பிருவோம்.”

அவள் மிஷினைப் பார்த்தாள். நெற்றியில் வைத்த மை கண்ணுக்குள் இறங்கினால் பிள்ளை எப்படி விழிக்குமோ, அப்படி விழித்துக்கொண்டிருந்தது.

எழுந்தாள். முந்தானை நுனியை நாக்கில் வைத்து நனைத்தாள்.

“ஏத்தா, ஏத்தா! சாமி பொட்டுத்தா அது!”

ஒரே இழுப்பு. ஓரத்தை நகத்தால் சுரண்டி, இன்னொரு இழுப்பு.

டப்பாவை அவளே எடுத்து உள்ளே தள்ளினாள்.

அது வெளியே வரவில்லை. மிஷின் மெல்ல முனகியது. பச்சை விளக்கு எரிந்தது.

சங்கரபாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நர்சுகள் ஓடிவந்தார்கள். டாக்டர் வந்து பச்சை விளக்கைப் பார்த்தார்.

“பாத்தீங்களா? அஞ்சு மாச பூஜை வீண் போகல.”

எல்லோரும் மிஷினோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். குறுக்கே இருந்த அவளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்கள்.

அவள் தள்ளி உட்கார்ந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். சுவர்க் கடிகாரத்துக்கும் பொட்டு வைத்திருந்தது. நல்லவேளை, ஒன்பதின் மேல்.

ஒரு மணி நேரம்.

மிஷின் சீட்டை நீட்டியது.

டாக்டர் படித்தார். இரண்டாவது வரியில் அவர் உதடு நின்றுபோயிற்று.

அவள் சீட்டைப் பார்க்கவில்லை. அந்த உதட்டைத்தான் பார்த்தாள்.

அழவில்லை.

“மருந்த இன்னைக்கே குடுத்துருங்க சார்.”

டாக்டர் சீட்டை மடித்தார்.

“அவசரப்படாதம்மா. புது மிஷின். இன்னைக்குத்தான் முதல் தடவையா வேலை செய்யுது. எதுக்கும் சென்னைக்கு ஒரு தடவை அனுப்பிருவோம். பதில் வரட்டும். வந்த உடனே ஆரம்பிச்சிரலாம்.”

உடனே.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு புருவத்துக்கும் நடுவில் காலைப் பூஜைச் சந்தனம். அதன் மேல் குங்குமம்.

பிள்ளையைச் சங்கரபாண்டியின் கையில் கொடுத்தாள்.

முந்தானை நுனியை நாக்கில் வைத்து நனைத்தாள்.