பன்னிரண்டாம் பதிப்பு

"மறுபடியும் பன்னிரண்டா! இந்தக் குட்டை சார் திருந்தவே மாட்டாரா?"

திரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டே, உயர்ந்திருந்த நாற்காலியை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள் அவள். கோபம் குரலில்தான் இருந்தது, முகத்தில் இல்லை.

அந்த அறையில் ஒரே கணினி. பகலில் அவள், மாலை ஷிப்டில் குட்டை சார். அவள் எழுதும் பில் போடும் நிரல், அதை இயக்கும் மென்பொருளின் இருபதாம் பதிப்பில்தான் ஓடும். அவருடைய பழைய கிடங்கு நிரலுக்குப் பன்னிரண்டுதான் ஒத்துவரும். அவள் இருபதுக்கு மாற்றுவாள். அவர் பன்னிரண்டுக்கு மாற்றி, அப்படியே விட்டுவிட்டுப் போவார்.

"இனிமே திட்டவே வேணாம்க்கா." கணினிகளைப் பழுது பார்க்கும் இளைஞன் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். "எந்த ஃபோல்டரைத் திறக்கறோமோ அதுக்குத் தேவையான வெர்ஷன் தானா வந்துடும். அஞ்சு நிமிஷ வேலை. யாரும் எதையும் மாத்த வேண்டியதில்ல."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"வேணாம் தம்பி."

"ஏன்க்கா? நிம்மதிதானே?"

"எங்க வீட்டுல ராத்திரி வச்ச டம்ளர், காலையில வச்ச இடத்துலயே இருக்கும். நகர்த்த ஆளில்ல. இங்க வந்தாத்தான், நான் வச்சதை இன்னொருத்தர் மாத்தி வச்சிருக்காங்க. அதையும் பிடுங்கிடாதே."

இளைஞன் ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. குட்டை சார் வேலையை விட்டுப் போய் நாலு மாசம் ஆச்சு. அவர் போன மறுநாள் இருபதாவே இருந்துச்சு. உங்க முகம் வாடிப்போச்சு. எனக்கு மனசு கேக்கல. அன்னையிலேர்ந்து ஆபீஸ் பூட்டறப்ப நான்தான் மாத்தி வைக்கறேன்."

அவள் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள்.

"நாளைக்கு என்னை வேற கிளைக்கு அனுப்பறாங்க. இங்க மாத்தி வைக்க ஆள் இருக்காது. அது உங்களுக்குத் தெரியாமலே போகட்டும்னுதான் இந்த ஏற்பாடு..."

"அவர் போனது எனக்கு அந்த வாரமே தெரியும் தம்பி," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சாமி உன்னை நல்லா வைக்கட்டும்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்போ இத்தனை நாளா யாரைத் திட்டினீங்க?"

"குட்டை சார் நாற்காலியை இவ்ளோ உசத்தியா வைப்பாரு? உன்னைத்தான்!"