தையல்காரர் வீட்டு எலி

"எங்கேடா உன் பொண்டாட்டி?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா போட்ட சத்தத்தில் நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்து முறைத்தாள்.

தம்பி மறுபடியும் போனைக் காதில் வைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரைக் காணோம்.

"காலையில இங்கேதான்க்கா இருந்தா. நான் டீ வாங்கிட்டு வர்றதுக்குள்ள ஆளைக் காணோம்."

"மாமனார் கண்ணெல்லாம் மஞ்சளாகி, காய்ச்சல்ல அனத்திக்கிட்டுக் கிடக்கார். மருமகளுக்கு அப்படி என்னடா தலைபோற வேலை?"

தம்பி உட்கார்ந்தான். எழுந்தான். கதவுக் கண்ணாடி வழியாக அப்பாவை எட்டிப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

டாக்டர் வெளியே வந்தார்.

"எலிக்காய்ச்சல்தான். கிட்னியைத் தாக்கியிருக்கு. மருந்து ஏறிக்கிட்டிருக்கு. அடுத்த ரிப்போர்ட் வரட்டும், அதுக்கப்புறம்தான் எதையும் சொல்ல முடியும். வீட்டுல எலி உண்டா? எலி மூத்திரம் பட்ட எதையாவது வாயில வச்சாரா?"

அவ்வளவுதான். அக்காவுக்குத் திட்ட ஆள் கிடைத்துவிட்டது.

"கேட்டியாடா? அடுக்களையைத் திறந்து போட்டுட்டு ஊர்க்கதை பேசியிருப்பா மகராணி. எங்கப்பா எழுந்து வரட்டும், இனிமே அந்த எலி வளைக்குள்ள அனுப்ப மாட்டேன். நான் கூட்டிட்டுப் போயிடுறேன், பார்த்துக்கோ!"

அப்பா இல்லாத வீடா? தம்பிக்கு வந்த கோபம் அக்கா மேல் போகவில்லை, போனை எடுக்காத மனைவி மேல் போனது. பைக்கை உதைத்தான்.

வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாம் ஆவென்று திறந்து கிடந்தன. ப்ளீச்சிங் வாடை கண்ணை எரித்தது. அப்பாவின் அறையில், முகத்தில் மாஸ்க்கும் கையில் ரப்பர் உறையுமாக, தையல் மிஷினுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டிருந்தாள் மனைவி.

"அங்கே அப்பா உயிருக்குப் போராடுறார், உனக்கு இங்கே சுத்தம் கேக்குதா?"

ஆத்திரம் தாங்காமல், மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து எலிப் புழுக்கையைத் தள்ளப் போனான்.

"ஐயோ, பெருக்காதீங்க! காஞ்சது தூசியாப் பறந்து மூக்குல ஏறும். ப்ளீச்சிங் தண்ணி தெளிச்சு, ஊறினதும் துடைச்சுத்தான் எடுக்கணும். வெறுங்காலோட நிக்காதீங்க, செருப்பைப் போடுங்க முதல்ல!"

"பாப்பா எங்கே?"

"பக்கத்து வீட்டுல விட்டிருக்கேன். தினமும் தாத்தாவோட நூல்கண்டை உருட்டித்தானே விளையாடுவா? அதை நினைச்சதும் ஆஸ்பத்திரியில இருப்புக் கொள்ளல, ஓடி வந்துட்டேன். போன் கூடத்துல கிடக்கு. இந்தக் கையோட எப்படி எடுக்கிறது?"

அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

அப்பா தையல்காரர். கடையை மூடினாரே தவிர, மிஷினை விடவில்லை. வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். கூடவே ஒரு மூட்டை வெட்டுத்துணி. ஒட்டுப்போட ஆகும் என்று யாரையும் தொட விடமாட்டார். எலி அந்த மூட்டைக்குள்தான் குட்டியும் குஞ்சுமாகக் குடித்தனம் நடத்தியிருந்தது.

"மிஷினுக்குப் பின்னாடி சுவத்துல ஓட்டை. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணிச்சு சிமென்ட் பூசிட்டேன். துணியை அடைச்சா கடிச்சுக்கிட்டு வந்துடும்."

"நீதான் எல்லாத்தையும் டப்பாவுல போட்டு மூடி வைக்கிறவளாச்சே. அது இங்கே எதைத் தின்னுச்சு?"

அவள் மிஷின் டிராயரை இழுத்தாள்.

நூல்கண்டுகளுக்கு நடுவே கேக் தூள், பிஸ்கட் துண்டு, குதறிப் போட்ட காகிதம். நூலெல்லாம் மஞ்சள் மஞ்சளாகக் கறை.

ஊசியில் கோப்பதற்கு முன் நூல் நுனியை வாயில் வைத்து ஈரம் பண்ணுவது அப்பாவின் பழக்கம். உலகத்துத் தையல்காரர்கள் எல்லாருக்கும் இருக்கிற பழக்கம்தான்.

"அடப்பாவமே, வாயிலேயே வச்சிருக்காரே! சர்க்கரை வியாதிக்காரருக்குக் கேக்கை யாரு கொடுத்தது? நீயா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், ரிப்போர்ட் வந்துடுச்சுடா! கிட்னி தேறுதாம். பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்டா!" அக்கா அழுதாள், சிரித்தாள், உடனே பழைய குரலுக்கு வந்தாள். "எங்கே அவ? எலி எப்படி வந்துச்சாம்?"

மனைவி போனை நோக்கிக் குனிந்தாள்.

"என் கவனக்குறைவுதான் அண்ணி. தின்பண்டத்தை மூடி வைக்காம விட்டுட்டேன். இனிமே இப்படி நடக்காது. மாமாவை இங்கேயே அனுப்புங்க அண்ணி."

அக்கா விட்டாளா? மூச்சு வாங்கும் வரைக்கும் திட்டித் தீர்த்தாள். இவள் ஒவ்வொன்றுக்கும் "சரி அண்ணி", "சரி அண்ணி" என்றாள். கடைசியில் அக்கா, "பார்க்கலாம்" என்று போனை வைத்தாள்.

அடுத்து இவன் ஆரம்பித்தான். "அப்போ நீதானா? உனக்கு அறிவு வேண்டாம்?"

"மெதுவாப் பேசுங்க." மாஸ்க்கை இறக்கினாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. "காலையில மாமா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மிஷின் டிராயரைப் பாரும்மான்னார். வரும்போதெல்லாம் அண்ணிதான் ஆசையா வாங்கிட்டு வந்து ஒளிச்சுக் கொடுப்பாங்களாம். வேண்டாம்னு சொல்ல அவருக்கு மனசு வராதாம்."

"அக்காவா! இருக்கட்டும், இப்பவே கேக்கிறேன்!"

அவன் போனைத் தேய்க்க ஆரம்பித்தான். அவள் அவசரமாக உறையைக் கழற்றி, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. என்னைத் திட்டினா வாய் வலிச்சதும் நிறுத்திடுவாங்க. அவங்களையே அவங்க திட்டிக்க ஆரம்பிச்சா, யாரு போய் நிறுத்துறது?"