லட்சுமணன் சாரின் மாதிரி வாக்கியம்

இன்ஸ்பெக்டர் வகுப்புக்குள் நுழைந்தபோது முனியன் ஜன்னலுக்கு வெளியே டீத் தூக்கோடு நின்றிருந்தான். இன்றைக்கு அவன் வாத்தியார் இல்லை. இன்றைக்கு மட்டும்தான் இல்லை.

ஜமுனாமரத்தூரிலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்த அந்த மலைப் பள்ளிக்கூடத்தில், எழுபத்தாறாம் வருஷத்திலிருந்து ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுப்பது அவன்தான். சம்பளம் வாங்குவது கலசப்பாக்கத்து லட்சுமணன் சார். அவரும் சும்மா இருப்பதில்லை, பாவம். வாரத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி மலைக்கு வந்து, ஆறு நாளுக்கும் சேர்த்துக் கை வலிக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

முனியனுக்குக் கூலி எதுவும் கிடையாது. சார் கொடுத்த ஒரு வாக்கு மட்டும் உண்டு.

"இன்ஸ்பெக்டர் வரட்டும்டா. பியூன் வேலை காலியா கீது. நானே சொல்லி உனக்கு வாங்கித் தர்றேன்."

அதை நம்பி மூன்று வருஷமாகப் பாடம் நடக்கிறது. முனியன் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷைத்தான் இரண்டு மார்க்கில் கோட்டைவிட்டான். அந்தக் கோபத்தில், சந்தையில் பொட்டலம் கட்டித் தரும் இங்கிலீஷ் பேப்பரைக்கூட விடாமல் படித்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் பஞ்சாட்சரம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேள்வியைப் போட்டார். ஒரே வாக்கியத்தில் பிராப்பர் நௌன், வெர்ப், அட்வெர்ப், கஞ்சங்ஷன் நாலும் வர வேண்டும். யார் சொல்வது?

லட்சுமணன் சாரின் முகம் மலர்ந்தது. இதற்கென்றே போன வாரம் ஒரு மாதிரி வாக்கியம் எழுதிக் கொடுத்து, முனியனை விட்டு உருப்போட வைத்திருந்தார். முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள்.

"லட்சுமணன் டீச்சஸ் இங்கிலீஷ் டெய்லி அண்ட் பியூட்டிஃபுல்லி."

லட்சுமணன் இங்கிலீஷைத் தினமும் சொல்லிக் கொடுக்கிறாராம், அதையும் அழகாகச் சொல்லிக் கொடுக்கிறாராம். அடக்கமான மனுஷர். வாக்கியத்தில் வைக்க அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கேட்டார். லட்சுமணன் பிராப்பர் நௌன், டீச்சஸ் வெர்ப், அண்ட் கஞ்சங்ஷன், டெய்லியும் பியூட்டிஃபுல்லியும் அட்வெர்ப் என்று டாண் டாணென்று பதில் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். முன்வரிசையிலிருந்த காந்தா என்ற பெண்ணை எழுப்பி, பெயரை மட்டும் மாற்றி அதே வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார்.

காந்தா யோசிக்கவே இல்லை.

"முனியன் டீச்சஸ் இங்கிலீஷ் டெய்லி அண்ட் பியூட்டிஃபுல்லி."

லட்சுமணன் சாருக்கு வேர்த்துவிட்டது. வெளியே முனியன் ஜன்னலை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். சார் மாட்டிக்கொண்டால் தனக்கு வர வேண்டிய வேலையும் போச்சு.

"யாரும்மா முனியன்?"

"அதோ, டீ வெச்சினு நிக்குதே, அதுதான் சார்."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். பெயரை மாற்றியும் வாக்கியம் கெடவில்லை, வெரிகுட் என்று சொல்லிவிட்டு, நோட்டில் லட்சுமணன் சாரைப் பற்றி நாலு வரி நன்றாகவே எழுதினார்.

போன உயிர் திரும்பி வந்ததும் லட்சுமணன் சார் தன் வாக்கைக் காப்பாற்றினார். பியூன் வேலைக்கு இந்த முனியனைப் போடலாம் என்று பவ்யமாக எடுத்துச் சொன்னார்.

"இன்னாப்பா படிச்சிருக்கே?"

"எஸ்.எஸ்.எல்.சி. பெயிலுங்க சார். இங்கிலீஷ்ல."

"இங்கிலீஷ்ல பெயிலானவனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தா நல்லாவா இருக்கும்? இன்னும் ஒரு வருஷம் சார்கிட்ட உக்காந்து கத்துக்க. அப்புறம் பாக்கலாம்."

பியூன் வேலைக்கு எட்டாவது படித்திருந்தால் போதும் என்பது அங்கே மூன்று பேருக்குமே தெரியும். முனியன் "சரிங்க சார்" என்றான்.

இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க மூன்று மைலும் நடந்தாக வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு அன்பளிப்பாக ஒரு மூட்டை சாமை. விளைந்தது முனியனின் கொல்லையில், கொடுத்தது லட்சுமணன் சார். தலையில் சுமந்துகொண்டு பின்னால் வந்ததும் முனியன்தான்.

பாதி வழியில் இன்ஸ்பெக்டர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இங்கிலீஷுக்கு மாறினார். பின்னால் வருகிறவன் இங்கிலீஷில் பெயிலானவன்தானே, என்னத்தைப் புரிந்துகொள்ளப் போகிறான்.

இவனைப் பியூன் ஆக்கினால் தபாலைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைவான், அப்புறம் உங்கள் வகுப்பை யார் எடுப்பது என்று கேட்டார். அவரும் ஒரு காலத்தில் இதே மலையில் வாத்தியாராக இருந்தவராம். அப்போது அவருக்குக் குப்பன் என்று ஒருத்தன் வாய்த்திருந்தானாம். அந்தப் பெண் சொன்னது அந்தக் காலத்து வாக்கியம்தான், பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். லட்சுமணன் சாரும் சேர்ந்து சிரித்தார்.

பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது. மூட்டை நடுப்பாதையில் கிடந்தது. முனியன் தலைச்சும்மாட்டைப் பிரித்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"லட்சுமணன் சார், கேரி இட் கேர்ஃபுல்லி அண்ட் வாக் குவிக்லி."

பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வேகமாக நடக்கச் சொல்லிவிட்டு, அவன் பள்ளிக்கூடத்தை நோக்கித் திரும்பி நடந்தான். அங்கே முப்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிராப்பர் நௌன் இருந்தது, வெர்ப் இருந்தது, அட்வெர்ப்பும் கஞ்சங்ஷனும் அததன் இடத்தில் இருந்தன. அந்த வாக்கியத்தில் அவரால் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை.